மலாயில் தாலி என்றால் கயிறு

1

இதுவரை நான் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் படித்த நம் ஊர் வாசகர்களுக்கு என்னைப் பற்றி ஒரு படம் மனத்தில் பதிந்திருக்கும். விடிவதற்கு முன் எழுந்து, மலாக்காவில் ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்று, தானே பொங்கித் தின்று, பாயில் படுத்து ஊரை நினைத்துக் கண் கலங்குகிற ஒருவன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நின்றதும் உண்மை, பொங்கியதும் உண்மை. கண் மட்டும், எழுத உட்காரும்போது கொஞ்சம் கூடுதலாகக் கலங்கும்.

எழுதாமல் விட்டதுதான் அதிகம். எனக்கு இங்கே இரண்டு சிநேகிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆ லியோங். சீனர், எங்கள் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர், ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். இன்னொருவர் கிருஷ்ணன் பிள்ளை. காஜா பேராங் தெருவில் எனக்கு அடுத்த வீடு. மலாக்காச் செட்டி என்று இங்கே சொல்லப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். நம் பக்கத்து வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. முன்னோர் எந்தக் காலத்திலோ நம் கரையிலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்துக் கலந்துவிட்டவர்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள், வீட்டில் பேசுவது மலாய். சாமிகளின் பெயர்களும் சில சடங்குகளின் பெயர்களும் மட்டும் தமிழில் தங்கியிருக்கின்றன.

எங்கள் மூவரையும் சேர்த்து வைத்தது கித்தார். இங்கே வாலிபர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மின்சாரக் கித்தார்களையும் டிரம்மையும் வைத்துக்கொண்டு குழு அமைக்கிறார்கள். ‘கூகிரான்’ என்கிறார்கள். ஒரே துணியில் சட்டை, காலோடு ஒட்டிய பேண்ட், முனை கூர்மையான சப்பாத்து. முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை கால் தானாக ஆடியது. அதற்கப்புறம் தெங்கேராவில் நடந்தாலும் புக்கிட் ரம்பாயில் நடந்தாலும், முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நான் ஆஜராகிவிடுவேன். அந்த வயிற்றுவலிக்கு முதலாளி ஓமத்திரவம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இதை எப்படி ஊருக்கு எழுதுவது? பிழைக்கப் போனவன் கூத்தடிக்கிறான் என்பார்கள். அதனால் குறிப்புகளிலும் வீட்டுக் கடிதங்களிலும் கஷ்டத்தை மட்டும் எழுதினேன். வருஷக் கணக்காக எழுதினேன். எழுதி எழுதி அந்தக் கஷ்டப்படுகிற ஆளை நன்றாகவே செய்து முடித்துவிட்டேன். பிறகு அந்த ஆளைப் பார்க்க என் பெண்டாட்டி கப்பலேறி வந்தாள். அங்கேதான் தொடங்கியது வினை.

2

வள்ளியும் மகள் சாலாவும் சித்திரையில் வந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் அழைத்து வந்தேன். இடையில் இரண்டு தடவை விடுப்பில் ஊருக்கு வந்ததைத் தவிர, சாலா என்னைப் பார்த்ததில்லை. அவளுக்கு ஒன்பது வயது. கப்பலடியில் என்னைக் கண்டதும் “வாங்க” என்று கை கூப்பினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது மாதிரி. வள்ளி அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. “சாமான் எல்லாம் எண்ணிப் பார்த்தியா?” என்று கேட்டேன்.

அது கோபம் இல்லை. என்னுடைய கடிதத்து முகத்தைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், அவ்வளவுதான். போதாததற்கு எங்கள் வீட்டு வழக்கம் வேறு. தேவகோட்டை வீட்டில் அப்பா, சித்தப்பா யாரும் பெண்டாட்டி முன்னால் சிரித்து நான் பார்த்ததில்லை. வாசலில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கும்போது அப்பாவின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது அந்தச் சிரிப்பையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவார். அம்மாவும் அதை எதிர்பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கற்றுக்கொண்டேன்.

காஜா பேராங்கில் ஓர் அறையும் சமையற்கட்டும். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவேன். வந்ததும் உம்மென்று சாப்பிடுவேன். ரேடியோவில் கித்தார்ப் பாட்டு வந்தால் எழுந்துபோய் நானே நிறுத்துவேன். கிருஷ்ணன் பிள்ளை வீட்டுக் கொல்லையில் அவருடைய தம்பி மகன் ராஜுவின் குழு பழகும். “கடைவேலை பாக்கி இருக்கு” என்று வள்ளியிடம் சொல்லிவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாக அங்கே போய் உட்காருவேன். நடுவில் இருந்தது ஒரு தகர வேலிதான். நான் தாளம் போடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். தட்டுவது நான் என்று அவளுக்குத் தெரியாது.

சாலா இங்கே ஒட்டிக்கொண்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, மூன்றாம் மாதத்தில் கனவில்கூட மலாயில் உளறினாள். இங்கத்திப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அவள் தமிழும் மாறிவிட்டது. ஒருநாள் காலையில் தாயைப் பார்த்து, “அம்மா, பசியாறிட்டியா?” என்றாள். காலைப் பலகாரம் சாப்பிடுவதை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வள்ளிக்கு அது புதிது.

“பசி எங்கடி ஆறுது எனக்கு இங்க?” என்றாள்.

சாலா சிரித்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

வள்ளிக்கு மலாயில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்தன. எல்லாம் கிருஷ்ணன் பிள்ளையின் மனைவி தேவி அக்கா வேலிக்கு மேலே சொல்லிக்கொடுத்தவை. தேவி அக்கா தினமும் “லாக்கி மானா?” என்று கேட்பார். புருஷன் எங்கே என்று அர்த்தம். “கெர்ஜா,” வேலைக்குப் போயிருக்கிறார் என்று வள்ளி பதில் சொல்வாள். அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். ஒருநாள் இருவரும் கோயிலுக்குப் போகும் வழியில் தேவி அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி “புத்துஸ்! புத்துஸ்!” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அறுந்துபோனால் புத்துஸ் என்று வள்ளி தெரிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். நான் “ம்” என்றேன்.

ஆவணி பிறந்ததும் அவள் சொன்னாள்: “நான் ஊருக்கே போயிடறேங்க.”

“ஏன், இங்க என்ன கொறை?”

“கொறைன்னு ஒன்னும் இல்ல. நீங்களும் படாத பாடு படுறீக. நானும் எதுக்கு உங்களுக்குச் சொமையா.”

அவளும் சாலாவும் வருகைச் சீட்டில்தான் வந்திருந்தார்கள். அது முடியப்போகிறது. குடிநுழைவு அலுவலகத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம், கேட்காவிட்டால் கப்பல்தான். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் விழா முடிந்த மறு திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் முடிவு சொல்கிறேன் என்றாள். ‘போனால் போகட்டும், பழையபடி இருக்கலாம்’ என்று ஒரு நினைப்பு எனக்குள் எட்டிப்பார்த்தது. உடனே அதை விரட்டினேன். ஆனால் எட்டிப்பார்த்தது பார்த்ததுதான்.

3

சுதந்திர நாளை ஒட்டிக் கடலோரப் படாங்கில் கித்தார்க் குழுக்களின் விழா. படாங் என்றால் மைதானம். சனிக்கிழமை மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை. சுற்றுவட்டாரத்துக் குழுக்கள் எல்லாம் வருகின்றன. ராஜுவின் குழுவும் ஏறுகிறது. அவர்கள் குழுவுக்கு ஏதோ ஆங்கிலப் பெயர். பெரிய டிரம்மில் எழுதியிருக்கும். என் வாயில் நுழையாது. ஆ லியோங்கும் கிருஷ்ணன் பிள்ளையும் நானும் ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சாலாவுக்கு விஷயம் தெரிந்து தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நல்லதாகப் போயிற்று என்று, அவளைக் காட்டி நான் கிளம்பினேன்.

“எங்க கெளம்பிட்டீக ரெண்டு பேரும்?”

“படாங்குக்கு. மெர்டேக்கா விழா. பிள்ளை பார்க்கணுங்கிறா.”

“நானும் வரட்டா?”

“வேண்டாம். ஒரே இரைச்சலா இருக்கும். ஆம்பளைக் கூட்டம். உனக்குத் தலைவலி வந்துரும்.”

“சரிங்க” என்றாள். கட்டுவதற்கென்று அவள் ஒரு சேலையை எடுத்துக் கொடியில் போட்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

படாங்குக்குப் போய்ப் பார்த்தால் ஆம்பளைக் கூட்டம் ஒன்றும் இல்லை. மலாய்க் குடும்பங்கள் பாய் விரித்து, கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தன. சீனக் கிழவிகள் விசிறிக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்த நம் பெண்கள் தலை நிறையப் பூவோடு நின்றார்கள். மனசு சுருக்கென்றது. சாலாவுக்கு ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தேன். வள்ளிக்குச் செய்த குறைக்கு மகளுக்கு ஐஸ் உருண்டை என்பது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் குழு கித்தாரைத் தட்டியதும் எல்லாம் மறந்துபோயிற்று. அந்த அடி நெஞ்சுக்கூட்டில் விழும். ஆ லியோங் கண்ணை மூடிக்கொண்டு காற்றிலேயே டிரம் வாசித்தார். கிருஷ்ணன் பிள்ளை, கோயில் தர்மகர்த்தா மாதிரி இருக்கிற மனுஷர், இடுப்பை ஒடித்து ட்விஸ்ட் ஆடினார். நான் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரில் ஆடினேன். சாலா பெஞ்சின் மேல் நின்று, “அப்பா! இன்னும்! இன்னும்!” என்று கத்தினாள். அவள் என்னை அப்பா என்று அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ராஜுவின் குழு ஏறியது. முதல் பாட்டு முடியும் நேரத்தில் ராஜுவின் கித்தாரில் ஒரு கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி கிருஷ்ணன் பிள்ளை வீட்டில், அவன் அறையில் கிடக்கிறது. அவர்களை அடுத்த சுற்றில் கடைசியாக ஏற்றிக்கொள்வதாக மேடைக்காரர்கள் சொன்னார்கள். ஆ லியோங், “நான் ஸ்கூட்டரில் போய் வந்துவிடுகிறேன்” என்று கிளம்பினார். நான்தான் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்: “அப்படியே என் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வருவதற்கு நேரமாகும் என்று.”

அந்த அக்கறையாவது எனக்கு இருந்ததே என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

4

வீட்டில் நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. கொஞ்சம் ஆ லியோங் சொன்னது, கொஞ்சம் தேவி அக்கா சொன்னது. வள்ளி அதிகம் சொல்லவில்லை.

ஆ லியோங் வேர்த்து விறுவிறுத்து வந்து, முதலில் கிருஷ்ணன் பிள்ளை வீட்டு வாசலில் நின்று கத்தினார். “தாலி புத்துஸ்! தாலி புத்துஸ்! சப்பாட்!”

மலாயில் தாலி என்றால் கயிறு. கொடிக்கயிறும் தாலிதான், மாடு கட்டுகிற கயிறும் தாலிதான், கித்தார்க் கம்பியும் தாலிதான். சப்பாட் என்றால் சீக்கிரம். கித்தார்க் கம்பி அறுந்துவிட்டது, சீக்கிரம் என்றுதான் மனுஷர் கத்தினார். தேவி அக்கா கம்பியைத் தேடி உள்ளே ஓடினார். அந்த இடைவெளியில் ஆ லியோங் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சத்தம் கேட்டு வள்ளி ஏற்கெனவே வெளியே வந்து நின்றிருந்தாள்.

“ஆச்சி,” என்றார் ஆ லியோங். “தாலி புத்துஸ். லாக்கி லம்பாட் பாலிக்.”

புருஷன் திரும்பி வர நேரமாகும். அவ்வளவுதான் செய்தி. ஆனால் வள்ளிக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் லம்பாட்டும் இல்லை, பாலிக்கும் இல்லை. புத்துஸ் இருந்தது. லாக்கி இருந்தது. தாலி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத சொல். எதிரில் முகமெல்லாம் வேர்வையாக, மூச்சு வாங்க, அணைக்காத ஸ்கூட்டரை வாசலில் விட்டுவிட்டு வந்து நிற்கிற என் சிநேகிதர்.

“என்னங்க? அவுகளுக்கு என்னங்க ஆச்சு?” என்று தமிழில் கேட்டிருக்கிறாள்.

அவருக்கு விளங்கவில்லை. கவலைப்படாதே என்கிற மாதிரி சிரித்து, “படாங், படாங்” என்று கையைக் காட்டிவிட்டு, தேவி அக்கா நீட்டிய கம்பியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

தேவி அக்கா வேலியோரம் வந்து பார்த்தபோது எங்கள் வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

5

தெருமுனையில் இருக்கும் மளிகைக்கடைக்கு அப்பால் தனியாக ஒருநாளும் போகாதவள், கடைத்தெருவையும் ஆற்றுப்பாலத்தையும் கடந்து படாங்குக்கு வந்து சேர்ந்தாள். செருப்பு இல்லை. வழியில் கண்டவர்களிடமெல்லாம் “படாங்? படாங்?” என்று ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு எல்லாருமே படாங்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவளை வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

ஆ லியோங் முன்னாலேயே திரும்பிவிட்டார். ராஜு மேடைக்குப் பின்னால் கம்பியைப் பூட்டிக்கொண்டிருந்தான். மேடையில் வேறொரு குழு. நான் மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணன் பிள்ளை ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். எதிரில் வள்ளி நின்றாள்.

முடி அவிழ்ந்து கிடந்தது. வலது கை நெஞ்சோடு தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இதை எழுதுகிற இந்த நிமிஷம்வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்று கேட்டிருக்கலாம். எனக்கோ அவளுடைய அவிழ்ந்த முடியும் வெறுங்காலும் சிநேகிதர்கள் முன்னால் கூச்சமாக இருந்தது. நான் கேட்டது இது:

“நீ எதுக்கு இங்க வந்த?”

அவள் இடது கையால் என் தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். கடையில் துணி நெய்தது சரியா என்று சிலர் தடவித் தடவிப் பார்ப்பார்கள், அந்த மாதிரி. பிறகு பெஞ்சின் மேல் நின்ற சாலாவைப் பார்த்தாள். அப்புறம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒங்களுக்கு ஒன்னும் இல்லையே?” என்றாள் கீழேயிருந்து. “அந்தச் சீனவரு வந்து… தாலி அறுந்துருச்சுன்னு சொன்னாரு.”

6

முதலில் புரிந்துகொண்டது சாலாதான். பெஞ்சிலிருந்து குதித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அம்மா! தாலின்னா கயிறும்மா! கித்தார்க் கயிறு!”

வள்ளி கையை விரித்து உள்ளே இருந்ததைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு வேர்வையில் நனைந்து, உள்ளங்கையெல்லாம் மஞ்சளாகியிருந்தது.

“இதுவும் கயிறுதான்டி” என்றாள்.

சாலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கிருஷ்ணன் பிள்ளைக்குத் தமிழ் வராது. ஆனால் தாலி அவர்கள் வீட்டிலும் தாலிதான். தேவி அக்காவின் கழுத்திலும் ஒன்று இருக்கிறது. வள்ளியின் கையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். ஆ லியோங்கைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய், தாழ்ந்த குரலில் மலாயில் விளக்கினார். நம் பெண்கள் கழுத்தில் கட்டியிருப்பது என்ன, அது அறுவது என்றால் என்ன, வாசலில் நின்று அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று. கேட்கக் கேட்க ஆ லியோங்கின் முகம் வெளுத்தது. அவர் வள்ளிக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்தார். அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. தப்பு செய்தவன் தலையில் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“எதுக்கு? பாட்டு முடியட்டும்” என்றாள் வள்ளி.

பக்கத்தில் இருந்த ஒரு மலாய் அம்மாள் பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். வள்ளி பாயில் ஏறி உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டாள். ராஜுவின் குழு கடைசியாக ஏறியது. புதுக் கம்பி. நன்றாக வாசித்தார்கள் என்றே எல்லாரும் சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கைதட்டக் கை வரவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வள்ளி மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்பது மாதிரி.

திரும்பி வரும்போது என் செருப்பைக் கழற்றி அவளைப் போடச் சொன்னேன். பெரிதாக இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். சாலா கிருஷ்ணன் பிள்ளையோடு முன்னால் போனாள். பாலத்தில் ஏறினோம். வள்ளி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“நீங்க இப்படிச் சிரிப்பீகளா?”

நான் தலையிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

“கடுதாசி வந்தா ஒங்க அம்மா படிக்கச் சொல்லி அழுவாக. நானும் அழுவேன். நல்லது பொல்லது ஒரு வாய் திங்கும்போதெல்லாம் நீங்க பட்டினி கெடப்பீகளோன்னு தொண்டையில நிக்கும். தீபாவளிக்குப் புதுச்சேலை கட்டினதில்ல நான். தெரியுமா ஒங்களுக்கு?”

“நான் கஷ்டப்பட்டது பொய்யில்ல வள்ளி.”

“பொய்யின்னு யாரு சொன்னா? சிரிச்சதையும் ஒரு வரி எழுதியிருந்தா நாங்களும் சிரிச்சிருப்போம்ல? இங்க வந்த பெறகு, நான் வந்ததாலதான் ஒங்க மூஞ்சி இப்படி ஆயிருச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் போயிடறேன்னு சொன்னேன்.” கொஞ்சம் நடந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: “கப்பலடியில இப்படி ஒருவாட்டி சிரிச்சிருந்தா போதுமே.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். வீட்டுக்கு வந்தபோது உலை வற்றி, பானை அடிப்பிடித்திருந்தது. தேவி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தம் வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து மூடி வைத்திருந்தார். வள்ளியைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அவர்தான் அழுதார். வள்ளி அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் அன்றைக்குச் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

7

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். ரேடியோவைப் போட்டேன். கித்தார்ப் பாட்டு வந்தது. நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். இளித்துப் பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை. “பல்வலியா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகம் போனோம். சாலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும். நிரந்தர அனுமதிக்கு எல்லாத் தாள்களையும் எழுதி வைத்திருந்தேன். போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ வள்ளி சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. பெஞ்சில் காத்திருந்தபோது, கப்பல் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அடிவயிறு கலக்கியது. முன்பு எட்டிப்பார்த்த அந்த நினைப்பை இப்போது எங்கே தேடினாலும் காணவில்லை. முதலாளியிடம் சொல்லச் சரியான நாள். அன்றைக்கு உண்மையிலேயே வயிற்றுவலி.

அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட மலாய்க்காரர், நடுத்தர வயது. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“எல்லாம் சரி. உங்கள் மனைவி நிரந்தரமாக இங்கே தங்க விரும்புகிறாரா? நீங்கள் சொல்ல வேண்டாம். அவரைக் கேட்டு, அவர் சொல்வதை எனக்குச் சொல்லுங்கள்” என்றார்.

வள்ளியிடம் திரும்பினேன். “எப்பவும் இங்கேயே இருக்க இஷ்டமான்னு கேக்கிறார்.”

“வேற என்ன இருக்குன்னு கேளுங்க.”

கேட்டேன். “ஆறு மாசம் நீட்டித் தருவாங்களாம். அதுக்கப்புறம் மறுபடி வந்து கேக்கணுமாம்.”

“அப்ப ஆறு மாசம் போதும்னு சொல்லுங்க.”

“எதுக்கு ஆறு மாசம்? இருக்கிறதுன்னா இருக்கலாமே. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

“பார்க்கணும்.”

“மலாக்காவையா? நான் சுத்திக் காட்டுறேன், சத்தியமா.”

“மலாக்காவ இல்ல” என்றாள். “ஒங்கள. படாங்குல ஒரு ஆளப் பார்த்தேன். அவரு வீட்டுக்கும் வருவாரான்னு தெரியணும். வந்தா இருப்பேன்.”

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். “அப்பா டியா சாக்காப்?” என்றார். வள்ளி என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்.

மலாயில் மழுப்புவதில் நான் தேர்ந்தவன். கடையில் இல்லாத சரக்கை நாளைக்கு வரும் என்று தினமும் மலாயில் சொல்லிப் பிழைக்கிறவன். ‘உறவினரைக் கேட்க வேண்டுமாம்’ என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்; வள்ளிக்குத் தெரியப்போவதில்லை. என்னைச் சுமை என்று நினைக்காமல் தன்னைச் சுமை என்று நினைத்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல், அந்தப் படாங்கு ஆளையும் சேர்த்து, மலாயில் அதிகாரியிடம் சொன்னேன். காதெல்லாம் எரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வள்ளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆறு மாதம் போதுமா என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“போதும்னுதான் நெனைக்கிறேன்” என்றாள் வள்ளி. “போதலைன்னா இவர்கிட்டயே மறுபடி வந்து கேக்கலாம்.”

அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முத்திரையை மையில் தோய்த்தார். முத்திரை வள்ளியின் பாஸ்போர்ட்டில் விழுந்தது. தவணை என்னவோ எனக்குத்தான்.